அம்மா தட்டிப் பார்த்த தூண்கள்

ராமோஜி ஃபிலிம் சிட்டிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்றதும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “இந்த வயசுல அங்க போயி அவங்க என்ன பண்ணுவாங்க?” காசிக்கு என்று சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கங்கைக்கரைப் படித்துறைகளில் ஏறி இறங்க எழுபத்தெட்டு வயது முழங்கால் என்ன பாடுபடும் என்று போய்வந்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அது வயதானவர்கள் போகவேண்டிய இடம் என்று முடிவாகிவிட்டது. ராட்டினமும் ஆட்டமும் பாட்டுமாக இருக்கிற இடம் சின்னஞ்சிறுசுகளுக்கு. கோயிலைத் தவிர வேறெங்கும் போக முதியவர்களுக்கு ஆசை இருக்கும் என்பதையே நாம் யோசிப்பதில்லை. அம்மாவுக்குக் கோயில் பிடிக்கும். சினிமா அதைவிடப் பிடிக்கும். அதற்குக் காரணம் உண்டு.

அம்மா பிறந்து வளர்ந்தது சேலத்தில், கன்னங்குறிச்சிப் பக்கம். தாத்தா மாடர்ன் தியேட்டர்ஸில் செட் போடும் தச்சர். டி.ஆர். சுந்தரம் 1935-இல் ஆரம்பித்த ஸ்டுடியோ அது. ஏற்காடு மலைக்குப் போகும் சாலையில் இருந்தது. இங்கிலாந்தில் நெசவுத் தொழில் படித்துவிட்டு வந்த சுந்தரம், படத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே வளாகத்துக்குள் வைத்துக்கொண்டு, ஆலை நடத்துகிற ஒழுங்கில் படம் எடுத்தார். மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938) அவர் தயாரித்ததுதான். எம்.ஜி.ஆர். நடித்த ‘மந்திரி குமாரி’ (1950), தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) எல்லாம் அந்த நிறுவனத்தின் படங்கள். கலைஞர் கருணாநிதியும் கண்ணதாசனும் அங்கே சம்பளத்துக்கு எழுதியவர்கள். நூறு படங்களைத் தாண்டிய நிறுவனம் அது. இன்று நுழைவாயில் வளைவு மட்டும் சாலையோரம் நிற்கிறது.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் தாத்தாவுக்குத் தூக்குப்போசியில் சோறு கொண்டுபோவது அம்மாவின் வேலை. கேட்டில் நிற்பவர் தெரிந்தவர் என்றால் உள்ளே விடுவார். அப்படி உள்ளே போய் அம்மா பார்த்தது நடிகர்களை அல்ல. அரண்மனையின் முதுகை. முன்பக்கம் தங்கமாக மின்னும் சுவர், பின்பக்கம் வெறும் ரீப்பர் கட்டையும் ஆணியும் சாக்குத் துணியும். “நாங்க எல்லாப் படத்தையும் பொறத்தால இருந்து பாத்தவங்க கண்ணு” என்பார். இந்தப் பெண்ணை ஒரு ஃபிலிம் சிட்டிக்குக் கூட்டிப்போக இவ்வளவு வருடம் ஆனது எங்கள் குடும்பக் கணக்குகளால். வேலை, கல்யாணம், பேறுகாலம், அப்பாவின் நோய், ஒன்று மாற்றி ஒன்று.

போனது டிசம்பர் கடைசியில். ஹைதராபாத்துக்குக் கோடையில் முதியவர்களைக் கூட்டிப்போவது தவறு. பாறை பூமி, வெயில் மேலிருந்தும் கீழிருந்தும் அடிக்கும். சேலத்திலிருந்து சபரி எக்ஸ்பிரஸ் வசதி. மாலையில் ஏறினால் மறுநாள் பகலில் செகந்திராபாத். அறுபது வயது தாண்டிய ஆண்களுக்கும் நாற்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. பதிவு செய்யும்போது வயதைச் சரியாகப் போட்டு, அந்த ஒதுக்கீட்டில் கேளுங்கள். முன்பு கட்டணச் சலுகையும் இருந்தது, பெண்களுக்குப் பாதி, ஆண்களுக்கு நாற்பது சதவீதம். 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி நிறுத்தினார்கள். கொரோனா போன பிறகும் சலுகை திரும்பி வரவில்லை. வருமானம் இல்லாத வயதில் பயணம் போகிறவர்களிடம் மிச்சம் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஃபிலிம் சிட்டி நகருக்கு வெளியே, விஜயவாடா நெடுஞ்சாலையில், ஹயாத்நகரைத் தாண்டி அப்துல்லாபூர்மெட் பக்கம் இருக்கிறது. ‘ஈநாடு’ நாளிதழை நடத்திய ராமோஜி ராவ் 1996-இல் திறந்தது. 2024 ஜூனில் அவர் காலமானார். 1,666 ஏக்கர், 47 படப்பிடிப்புத் தளங்கள். உலகத்திலேயே பெரிய திரைப்பட ஸ்டுடியோ வளாகம் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தது. இந்த எண்களைச் சொன்னபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி: “அம்புட்டு எடத்துக்கும் ஆசாரிங்க எத்தன பேரு இருப்பாங்க?”

மடக்கு வீல்சேர் ஒன்றைச் சேலத்திலிருந்தே கொண்டுபோயிருந்தோம். அம்மா அதைப் பார்த்ததும் முகம் சுருங்கினார். “நான் என்ன நோயாளியா?” வற்புறுத்தவில்லை. ஒன்பதாவது படிக்கும் என் மகன்தான் வழி கண்டுபிடித்தான். “அம்மாயி, நீங்க உக்கார வேண்டாம். நம்ம தண்ணி பாட்டிலு, பையெல்லாம் அதுல வெச்சு நீங்க தள்ளிக்கிட்டு வாங்க.” கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே நடந்தார். பிடிமானம் கிடைத்ததால் நடை நேரானது. கால் கடுத்தபோது, யாரும் சொல்லாமல் தானே பைகளை எடுத்து எங்களிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். வீல்சேர் பிடிக்காத பெரியவர்கள் உள்ள வீடுகளில் இதைச் செய்து பார்க்கலாம். ஒன்று மட்டும்: நிற்கும்போதெல்லாம் பிரேக் போட வேண்டும். வளாகம் மேடும் பள்ளமுமானது. இறக்கத்தில் வீல்சேரை முன்பக்கமாகத் தள்ளக்கூடாது, உட்கார்ந்திருப்பவர் குப்புற விழ நேரும். வண்டியைத் திருப்பி, நாம் கீழே நின்று, பின்பக்கமாக மெல்ல இறக்க வேண்டும். மகன் இதை முதல் நாளிலேயே பழகிக்கொண்டான்.

நுழைவுச்சீட்டு வாங்கியதும் பஸ்ஸில் ஏற்றி உள்ளே கொண்டுபோகிறார்கள். பிறகு செட்டுகளைச் சுற்றிக் காட்டுவதும் பஸ்தான். பக்கவாட்டில் திறந்த, சிவப்பு நிறத்தில் பழைய பாணி வண்டி. பழைய பாணி என்றால் படியும் உயரம்தான். அம்மாவுக்குப் பிசியோதெரபி செய்தவர் சொல்லிக்கொடுத்த சூத்திரம் இங்கே உதவியது: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். அம்மா அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறினார். முன்னால் ஏறியவர்கள் காத்திருந்தார்கள், யாரும் முணுமுணுக்கவில்லை. உள்ளே இருந்த ஒரு இளைஞர் எழுந்து கை கொடுத்தார்.

பஸ் போகிற வழியில் ரயில் நிலையம் வருகிறது, விமான நிலையம் வருகிறது, சிறைச்சாலை வருகிறது, வடநாட்டுத் தெரு முடிந்து திரும்பினால் லண்டன் தெரு வருகிறது. எந்த ரயிலும் நிற்காத நிலையம், எந்த விமானமும் இறங்காத நிலையம். வழிகாட்டி தெலுங்கிலும் இந்தியிலும் விளக்கினார். சேலத்தில் எங்கள் அக்கம்பக்கத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் அதிகம் என்பதால் அம்மாவுக்குத் தெலுங்கு புரியும், பேசவும் ஓரளவு வரும். ஒரே கட்டடத்துக்கு நாலு பக்கமும் நாலு முகம் வைத்திருப்பதை வழிகாட்டி காட்டினார். ஒரு பக்கம் கல்லூரி, ஒரு பக்கம் ஆஸ்பத்திரி, கேமராவைத் திருப்பினால் ஊர் மாறிவிடும். பஸ்ஸில் எல்லோரும் வியந்தார்கள். அம்மா தலையாட்டினார். மகனிடம் குனிந்து, “மூலையைப் பாரு. ரெண்டு மொகமும் சேர்ற எடத்துல ஒரு தூண் வெச்சிருப்பாங்க. ஒட்டு தெரியாம மறைக்கிறதுக்கு” என்றார். அவன் பார்த்தான். அங்கே தூண் இருந்தது. அதற்குப் பிறகு அவன் வழிகாட்டி சொன்னதைவிட அம்மாயி சொன்னதைத்தான் அதிகம் கேட்டான்.

ஒரு கோயில் செட் இருக்கிறது. கோபுரம், பிராகாரம், மண்டபம் எல்லாம் உண்டு; கருவறையில் மூலவர் கிடையாது. கதைக்கு எந்தச் சாமி வேண்டுமோ அந்தச் சாமியைக் கொண்டுவந்து வைத்துப் படம் எடுப்பார்கள். வந்தவர்கள் செருப்போடு ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார். “அம்மாயி, இது செட்டு, உள்ள சாமி இல்ல” என்றான் மகன். “தெரியும் சாமி. செஞ்சவன் குளிச்சுட்டு, கும்புட்டுத்தான் செஞ்சிருப்பான். எங்கப்பா அப்படித்தான் செய்வாரு. பொய்க் கோயிலுன்னா கோபுரம் ஒரு அங்குலம் கோணலா இருந்தாப் பரவால்லன்னு உட்டுர மாட்டாங்க.” வெயில் ஏறாத நேரம் என்பதால் தரை சுடவில்லை. வெறுங்காலோடு நடந்து போய்த் தூணைத் தொட்டார்.

கும்பிடுவதற்காக இல்லை. விரல் முட்டியால் தட்டினார். டொக் என்று உள்ளே காலியாக ஒரு சத்தம். இன்னும் கொஞ்சம் மேலே தட்டினார், வேறு சத்தம். “இங்க உள்ள கட்டை ஓடுது.” தூணின் அலங்கார விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடு, தலைமுடி கனம். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம். “இதை உப்புத்தாள் வெச்சுத் தேய்ப்பாங்க. சாயங்காலம் எங்கப்பா வீட்டுக்கு வந்தா தலை, புருவம், மீசையெல்லாம் வெள்ளையா இருக்கும். நாங்க குளிப்பாட்டி உட்டாத்தான் எங்கப்பா மாதிரி ஆவாரு.”

அங்கேயே, மண்டபத் திண்ணையில் உட்கார்ந்து, அம்மா பிளாஸ்டர் வேலை எப்படி நடக்கும் என்று சொன்னார். முதலில் களிமண்ணில் சிற்பம். அதன்மேல் அச்சு. அச்சின் உட்புறம் ஒட்டாமல் இருக்கச் சோப்புக் கரைசல் பூச வேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தண்ணீரில் கரைத்தால் சில நிமிடத்தில் இறுகிவிடும், அதற்குள் ஊற்றியாக வேண்டும். வெறும் பிளாஸ்டர் உடையும். அதனால் தேங்காய் நாரையோ சாக்குத் துணியையோ அதில் தோய்த்துப் பின்னால் வைத்து அழுத்துவார்கள். இறுகும்போது அது சூடாகும். “எங்கப்பா என் கையைப் புடிச்சு அச்சு மேல வெப்பாரு. அடுப்புல இருந்து எறக்குன சட்டி கணக்கா வெதுவெதுன்னு இருக்கும். தண்ணியும் மாவும்தானே, தீயே இல்லாம எப்படிச் சுடுதுன்னு கேப்பேன். அவருக்குச் சொல்லத் தெரியாது.” என் மகனுக்குத் தெரிந்திருந்தது, அந்த வருடப் பாடத்தில் வெப்பம் உமிழும் வினை இருந்தது. அவன் சொன்னான். எழுபது வருடம் கழித்து அம்மாவுக்குப் பதில் கிடைத்தது. அந்த நிமிடத்துக்காகவே அத்தனை தூரம் வந்தது தகும் என்று எனக்குப் பட்டது.

மதிய நேரத்தை வேறு மாதிரி வைத்துக்கொண்டோம். வளாகத்துக்குள்ளேயே ஹோட்டல்கள் இருக்கின்றன. சிதாரா பெரிய விலை, நாங்கள் தாராவில் தங்கினோம். சாப்பிட்டதும் அம்மா அறைக்குப் போய் ஒரு தூக்கம் போட்டார். இந்தத் தூக்கம் இல்லையென்றால் மாலை இல்லை. காலை ஒன்பது மணிக்கு நுழைந்து சாயங்காலம் வரை விடாமல் சுற்றி, கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுகிறவர்கள் பெரியவர்களைக் கூட்டி வரவே கூடாது. இன்னொன்று தண்ணீர். வயதாக ஆகத் தாக உணர்வு குறையும். உடம்பு வற்றினாலும் கேட்கத் தோன்றாது. அதோடு, கழிப்பறை எங்கே இருக்குமோ என்ற பயத்தில் வேண்டுமென்றே குடிக்காமல் இருப்பார்கள். அம்மாவும் அப்படித்தான். ஒவ்வொரு இடத்திலும் முதலில் கழிப்பறை எங்கே என்று பார்த்து, அதை அம்மாவிடம் சொல்லிவிட்டு, பிறகு தண்ணீர் கொடுத்தால் மறுக்காமல் குடித்தார்.

சினிமா எப்படி எடுக்கிறார்கள் என்று காட்டும் நிகழ்ச்சி ஒன்று இங்கே பெயர்பெற்றது. பார்வையாளர்களிலிருந்து ஒரு பெண்ணை மேடைக்கு அழைத்து, குதிரை இல்லாத குதிரை வண்டியில் உட்கார வைத்துச் சாட்டையைக் கொடுக்கிறார்கள். வண்டி நின்ற இடத்திலேயே குலுங்குகிறது. ‘ஷோலே’ (1975) படத்தில் ஹேமமாலினி வண்டி ஓட்டிக்கொண்டு தப்பிக்கும் காட்சியோடு அதைச் சேர்த்து, குளம்புச் சத்தத்தையும் சேர்த்து, திரையில் போட்டுக் காட்டும்போது அந்தப் பெண் நிஜமாகவே கொள்ளைக்காரர்களிடமிருந்து தப்பி ஓடுகிறார். அன்று மேடையேறிய பெண் கணவரைப் பார்த்துக் கையசைத்த கையசைப்பு கூடப் படத்தில் வந்துவிட்டது. அரங்கமே கைதட்டியது. அம்மாவும் தட்டினார். குளம்புச் சத்தத்துக்குக் கொட்டாங்குச்சியைத் தட்டுவார்கள் என்று அம்மா முன்பே சொல்லியிருந்ததால், அந்த இடம் வந்ததும் மகன் அம்மாயியின் தோளைத் தொட்டான்.

இந்த மாதிரி அரங்குகளுக்குள் போகும்போது ஒரு கவனம் தேவை. வயதான கண்ணுக்கு வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழகக் கூடுதல் நேரம் பிடிக்கும். நமக்குப் படி தெரிகிற வேளையில் அவர்களுக்கு முழு இருட்டாக இருக்கும். கூட்டம் தள்ளுகிறதே என்று நாமும் இழுத்துக்கொண்டு போகக்கூடாது. வாசல் ஓரத்தில் சுவரைப் பிடித்து நின்று, “இப்ப தெரியுதாம்மா?” என்று கேட்டு, தெரிகிறது என்ற பிறகு நடந்தோம். இரண்டு நிமிட வேலை. இடுப்பு எலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் அவதி.

மகன் ராட்டினங்களில் ஏறிய நேரம் அம்மாவும் நானும் மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இதய நோய், ரத்த அழுத்தம், கழுத்து முதுகு வலி உள்ளவர்கள் ஏறக்கூடாது என்ற பலகை எல்லா ஊர்ப் பூங்காக்களிலும் இருக்கும். அது நியாயமான பலகை. ஆனால் அந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். ஒரு பாட்டி மடியில் மூன்று கைப்பைகள், காலடியில் ஐந்தாறு ஜோடி செருப்பு, கையில் யாருடையதோ செல்போன். பக்கத்தில் ஒரு பெரியவர் பேரக்குழந்தையின் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டி எங்களிடம் பேசினார், கரீம்நகர்க்காரர். காலையிலிருந்து என்ன பார்த்தீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, “சாமான் பார்த்தேன்” என்றார். நான்கு தலைமுறைக்குச் சமைத்துப் போட்ட ஒரு மனுஷியை முழு டிக்கெட் வாங்கி அழைத்து வந்து, பெஞ்சில் காவலுக்கு வைத்திருக்கிறார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. அவருக்கும் பார்க்க ஆசை இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். பார்க்கப் பார்க்க மனசு பொறுக்கவில்லை.

இந்தப் பெஞ்சுக்கு ஒரு வரலாறு உண்டு. லாஸ் ஏஞ்சலிஸின் கிரிஃபித் பார்க்கில் ராட்டினத்தில் தன் பெண் குழந்தைகளைச் சுற்றவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு தகப்பனுக்குச் சலிப்பு தட்டியது. பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார். அவர் வால்ட் டிஸ்னி. 1955 ஜூலையில் கலிபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலாண்டைத் திறந்தார். தீம் பார்க் என்று இன்று நாம் சொல்வதெல்லாம் அந்த வழியில் வந்தவை. பெஞ்சில் இருந்தவரை எழுப்பி உள்ளே கொண்டுவருவதற்காகப் பிறந்த யோசனை அது. எழுபது வருடம் கழித்துப் பெஞ்சில் ஆள் மாறியிருக்கிறது. அன்று தகப்பன், இன்று தாத்தாவும் பாட்டியும்.

ஸ்டுடியோவோடு சேர்ந்த பூங்காக்களில் ஒரு நல்ல விஷயம், வேகம் இல்லாமலும் பார்க்க நிறைய இருக்கிறது என்பது. ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோ 1915-லேயே காசு வாங்கிக்கொண்டு ஜனங்களை உள்ளே விட்டு ஊமைப் படங்கள் எடுப்பதைப் பார்க்க வைத்தது. வேலை நடப்பதைப் பார்ப்பதே வேடிக்கைதான். அதற்கு முழங்கால் பலம் தேவையில்லை. வேலை தெரிந்தவர் என்றால் வயது கூடுதல் தகுதி.

அது மறுநாள் மகிழ்மதியில் நிரூபணமானது. ‘பாகுபலி’ (2015, 2017) படங்களுக்காகச் சாபு சிரில் வடிவமைத்த செட்டைப் பார்வையாளர்களுக்காக அப்படியே வைத்திருக்கிறார்கள். சத்யராஜின் கட்டப்பாவால் தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கும் பழக்கமான ஊர். பிரம்மாண்டமான யானைகள், குதிரைகள், சிலைகள். எல்லோரும் முன்னால் நின்று படம் எடுக்க, அம்மா வீல்சேரை ஓரமாகத் தள்ளச் சொல்லி, சுவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே ஏணி போட்டு ஒருவர் வெயிலில் வெளிறிய இடத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். அம்மா தெலுங்கில் பேச்சுக் கொடுத்தார். பிளாஸ்டரா, என்ன சரக்கு என்றார். இல்லை அம்மா, இதெல்லாம் ஃபைபர், மழைக்குத் தாங்கும் என்றார் அவர். நார் வைப்பதுண்டா? இப்போது கண்ணாடி நார் வைக்கிறோம். சோப்பு பூசுவதுண்டா? மெழுகு பூசுகிறோம். இரண்டு தொழில்காரர்கள் சந்தித்துக்கொண்டது போலப் பேச்சு போயிற்று. தன் அப்பா இந்த வேலைதான் செய்தார் என்று அம்மா சொன்னதும் அவர் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார். எந்த ஸ்டுடியோ என்று கேட்டார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் பெயர் அவருக்குத் தெரியவில்லை. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த அலிபாபா என்றதும், பானுமதி தெரியும் என்று முகம் மலர்ந்தது.

“அந்தக் குகைக் கதவு வேலையில எங்கப்பாவும் உண்டு” என்றார் அம்மா. எனக்கே அது புதிய செய்தி. அலிபாபாவை எத்தனையோ தரம் டிவியில் சேர்ந்து பார்த்திருக்கிறோம், ஒரு தடவையும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று அன்று இரவு கேட்டேன். “நீங்க எம்.ஜி.ஆரைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. அப்ப போயி கதவைப் பாருன்னு சொல்ல முடியுமா? பேரும் போட மாட்டாங்க. பேரு இல்லாததைச் சொன்னா நம்புவாங்களான்னு உட்டுட்டேன்.”

பழைய படங்களின் பெயர்ப் பலகையில் தச்சர்கள், அச்சு வார்த்தவர்கள், சுவருக்கு வண்ணம் அடித்தவர்கள் பெயர் வருவது அபூர்வம். அவர்கள் செய்த அரண்மனைகளைப் படம் முடிந்ததும் பிரித்துக் கட்டையை அடுத்த படத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருப்பது வீட்டில் உள்ளவர்களின் ஞாபகம் மட்டும். என் தாத்தா எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் கைவேலை பற்றி இந்த உலகத்தில் யாருக்காவது தெரியும் என்றால் அம்மாவுக்குத்தான். எனக்குத் தெரிந்தது இந்தப் பயணத்தில் தெரிந்துகொண்டது. ஊர் திரும்பும் ரயிலில் மகன் தன் நோட்டில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தான். ரீப்பர், சாக்கு, நார், சோப்பு, அச்சு. சந்தேகம் வந்தால் கீழ்ப் படுக்கைக்குக் குனிந்து கேட்டான்.

வீட்டுப் பெரியவர்களைப் பூங்காவுக்குக் கூட்டிப்போக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இது. அவர்கள் செய்த தொழில், அவர்களுக்குத் தெரிந்த விஷயம் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நெசவு செய்தவர்களுக்கு ஒன்று, விவசாயம் செய்தவர்களுக்கு ஒன்று, ரயில்வேயில் இருந்தவர்களுக்கு ஒன்று இருக்கும். சென்னை பெரம்பூரில் ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஈ.சி.ஆர். சாலையில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது, பழைய வீடுகளையும் கைத்தொழில்களையும் நேரில் பார்க்கலாம். அங்கெல்லாம் அவர்கள் பேசுவார்கள், நாம் கேட்கலாம்.

சேலத்துக்காரியாக இன்னொன்றையும் கேட்க வேண்டும். சென்னையில் ஏவிஎம் தன் பழைய கேமராக்களையும் கார்களையும் வைத்து 2023-இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தது. மாடர்ன் தியேட்டர்ஸுக்கும் சேலத்தில் அப்படி ஒன்று வேண்டும். அதில் முதலாளி, நடிகர், வசனகர்த்தா படங்களோடு, தச்சர்கள், லைட்மேன்கள், லேபரட்டரி ஆட்கள், தையல்காரர்கள் பெயர்ப் பட்டியலும் வேண்டும். அரசு செய்தாலும் சரி, ஊர்க்காரர்கள் கூடிச் செய்தாலும் சரி. கன்னங்குறிச்சியிலும் அஸ்தம்பட்டியிலும் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள், எழுபது எண்பது வயதில். அவர்களிடம் போய் உட்கார்ந்து எழுதிக்கொள்ளும் வேலையைக் கட்டடம் வரும்வரை தள்ளிப்போட வேண்டாம். அம்மா தயாராக இருக்கிறார். வருகிறவர்களுக்குக் காப்பியும் உண்டு.